வரும் அளவும் தாங்கும் அளவும்

வெளியிலிருந்து வரும் பெரிய எக்ஸ்எம்எல் கோப்பைச் சர்வர் ஸ்கிரிப்ட் ஏற்க மறுத்தால் என்ன செய்வது? பிஎச்பி எழுதுபவர்களிடையே இதற்கு ஒரே பதில்தான் புழங்குகிறது: எல்லையை உயர்த்து. போஸ்ட் மேக்ஸ் சைஸ் 8 எம்பியில் நிற்கிறதா, 200 ஆக்கு. அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ் 2 எம்பியா, அதையும் 200 ஆக்கு. மெமரி லிமிட் 128 எம்பி போதவில்லையா, 2 ஜிபி கொடு. அதுவும் போதாவிட்டால் மைனஸ் ஒன்று என்று எழுதி எல்லையையே எடுத்துவிடு. 30 விநாடி நேர வரம்பைப் பூஜ்யமாக்கு. முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் வந்ததை 413 என்று திருப்பி அனுப்புகிறதா, அங்கும் ஒரு வரியை மாற்று. ஐந்து வரிகள், ஒரு ரீஸ்டார்ட், வேலை முடிந்தது. இந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. சரியான பாதி தவறான பாதியை மறைத்துக்கொண்டு நிற்பதால்தான் இது இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. நினைவகம் மலிவு, நிரலாளரின் நேரம் விலை அதிகம் என்பது அதன் முதல் தூண். இரண்டாவது, நிரலின் எளிமை: சிம்பிள்எக்ஸ்எம்எல், டாம் ஆகியவை முழுக் கோப்பையும் மரமாக்கிக் கையில் தருகின்றன, எந்தக் கணுவிலிருந்தும் எந்தக் கணுவுக்கும் தாவலாம், நான்கே வரியில் காரியம் முடியும், அடுத்து வருபவருக்கும் படித்தால் புரியும். மூன்றாவது, எல்லைகளின் நடத்தை. போஸ்ட் மேக்ஸ் சைஸைத் தாண்டிய கோப்பு வந்தால் பிஎச்பி ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை. வந்த மதிப்புகளைக் காலியாக்கிவிட்டு, யாரும் எதுவும் அனுப்பாததுபோல ஸ்கிரிப்டை ஓடவிடுகிறது. லாக்கில் ஓர் எச்சரிக்கை விழுவதோடு சரி. காரணம் சொல்லாமல் காலை வாரும் எல்லையை எவரும் எதிரியாகத்தான் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, மெமரி லிமிட் பொதுவாகப் போஸ்ட் மேக்ஸ் சைஸைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிஎச்பி கையேடே சொல்கிறது. வாயிலை அகலமாக்கினால் கூடத்தையும் அகலமாக்கு என்று கையேடே சொல்லும்போது, ஐந்து வரிகளை ஒன்றாக மாற்றுபவரை எப்படிக் குறைசொல்வது?

ஆனால் அந்த ஐந்து வரிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. எவ்வளவு பெரிய கோப்பை ஏற்பேன் என்று சொல்லும் எல்லை ஒரு வகை. அது அனுப்புபவருக்கும் ஏற்பவருக்கும் இடையிலான உடன்பாடு. ஒரே நேரத்தில் எவ்வளவைக் கையில் தாங்குவேன் என்று சொல்லும் எல்லை வேறு வகை. அது நிரலின் வடிவத்தைப் பற்றிய தகவல். 200 எம்பி கோப்பை ஏற்க வேண்டிய தொழில் தேவை இருந்தால் முதல் வகையை 200 ஆக்குவதில் தவறே இல்லை. அதற்காக இரண்டாவது வகையையும் உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால், வரும் அளவையும் தாங்கும் அளவையும் நிரல் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது என்று பொருள். ஏரிக்கு எவ்வளவு நீர் வந்தாலும் வயலுக்குப் போவது மதகின் அளவுதான். மதகே இல்லாமல் கட்டிய ஏரிக்குத்தான் ஒவ்வொரு மழைக்கும் கரையை உயர்த்த வேண்டியிருக்கும். பொதுக்கருத்தின் மீதான என் மறுப்புகள் இவை.

1. 60 எம்பி கோப்புக்கு 128 எம்பி ஏன் போதவில்லை என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டா? வந்த கோரிக்கையின் உடலை ஒரே சரமாகப் படிக்கிறோம்: 60 எம்பி. எழுத்துக் குறிமுறையை மாற்றவோ வேண்டாத எழுத்தை நீக்கவோ ஒரு செயற்கூற்றை அழைக்கிறோம்; பழைய சரம் கையில் இருக்கும்போதே புதிய சரம் பிறக்கிறது: இன்னொரு 60. வேலை தொடங்கும் முன்பே எல்லையின் விளிம்புக்கு வந்தாயிற்று. அடுத்து மரம். பிஎச்பிக்கு அடியில் எக்ஸ்எம்எல்லைப் படிப்பது லிப்எக்ஸ்எம்எல்2 நூலகம். 64 பிட் கணினியில் அதன் ஒரு கணு மட்டும் 120 பைட். க்யூடிஒய் என்ற மூன்றெழுத்துக் குறிக்குள் 5 என்ற ஓர் இலக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பில் அதன் நீளம் 12 பைட். மரத்தில் குறிக்கு ஒரு கணு, அதனுள் இருக்கும் உரைக்கு ஒரு கணு, மொத்தம் 240 பைட். படிக்க அழகாக இருக்கட்டும் என்று அடுத்த குறிக்கு முன்னால் விட்ட வரிமுறிவும் இடைவெளியும்கூட இன்னோர் உரைக்கணு ஆகும். நீண்ட உரைகள் உள்ள கோப்பில் இந்தப் பெருக்கம் குறையும். ஆனால் சரக்கிருப்பு, விலைப்பட்டியல், கணக்குப் பதிவு என்று வரும் வணிகக் கோப்புகள் சின்னச் சின்னக் குறிகளாலும் எண்களாலும் ஆனவை. இருபது மடங்கு என்று வைத்தால், 60 எம்பி கோப்பின் மரம் 1.2 ஜிபி. அடுத்த மாதம் கோப்பு இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். எல்லையை உயர்த்தியவர் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. அது திரும்பி வரும் தேதியைக் குறித்துவைத்திருக்கிறார்.

2. மெமரி லிமிட் அந்த மரத்தை அளப்பதே இல்லை. பொதுக்கருத்து கவனிக்காமல் விட்ட உண்மைகளில் மோசமானது இது. பிஎச்பி தன் சொந்த ஒதுக்கீட்டாளர் மூலம் கொடுக்கும் நினைவகத்தைத்தான் எண்ணுகிறது. லிப்எக்ஸ்எம்எல்2 கணுக்களுக்கு வேண்டியதை நேரடியாக இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. அது அந்தக் கணக்கில் வராது. எனவே 512 எம்பி என்று எல்லை வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் 2 ஜிபி வரை வீங்க முடியும். எல்லையை உயர்த்தியதால் மறைந்தது சரங்களைப் பற்றிய புகார் மட்டுமே. மரம் எண்ணப்படாமல் வளர்கிறது. கணினியின் மொத்த நினைவகமும் தீர்ந்தால் லினக்ஸின் உள்ளகம் ஏதாவது ஒரு செயல்முறையைக் கொன்று இடத்தை மீட்கும். அது கொல்வது குற்றவாளியான ஸ்கிரிப்டைத்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதே கணினியில் அதிக நினைவகம் பிடித்து ஓடும் தரவுத்தளமாகவும் இருக்கலாம். யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்ததற்குத் தோட்டக்காரன் தண்டனை பெற்ற கதை இது. ஸ்கிரிப்ட் நாகரிகமாகப் பிழை காட்டி நின்றிருக்க வேண்டிய இடத்தில், சர்வரே சாய்கிறது.

3. கோப்பு ஏற்கெனவே வட்டில் இருக்கிறது. அதை நினைவகத்துக்குத் தூக்கச் சொன்னது யார்? எஞ்சின்எக்ஸ் சில கிலோபைட்டுக்கு மேற்பட்ட உடலைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதும் வந்த பிறகே பின்னால் உள்ள பிஎச்பிக்குத் தருகிறது. இயல்பு அமைப்பே அதுதான். மல்ட்டிபார்ட் படிவமாக வந்தால் பிஎச்பி தன் பங்குக்கு அதை இன்னொரு தற்காலிகக் கோப்பாக வைக்கிறது. நேரடி உடலாக வந்தாலும், 2014-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து பெரிய உடல்கள் வட்டுக்கே போகின்றன. ஸ்கிரிப்ட் அதை ஓர் ஓடையாகத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம். கையேட்டின் அந்தப் பழைய அறிவுரை, உடல் முழுதும் நினைவகத்தில் கிடந்த காலத்துக்கு உரியது. காலம் மாறிவிட்டது, வாக்கியம் மிஞ்சியிருக்கிறது. இன்று 200 எம்பி கோப்பை வாங்கிவைக்க 200 எம்பி நினைவகம் தேவையில்லை. வட்டில் பத்திரமாக இருப்பதை முழுவதும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பிறகு கழுத்து வலிக்கிறது என்று புகார் சொல்வது நிரலின் தேர்வு. ஒரே விதிவிலக்கு, எக்ஸ்எம்எல்லைச் சாதாரணப் படிவத்தின் ஒரு புலத்துக்குள் திணித்து அனுப்புவது. அப்போது உடல் முழுவதும் நினைவகத்தில் பிரிக்கப்படுகிறது. கோணக் குறி ஒவ்வொன்றும் அனுப்பும்போது மூன்று எழுத்தாக வேறு ஊதுகிறது. அந்தப் பழக்கத்துக்கு மருந்து அதை விடுவதுதான்.

4. நேர வரம்பைப் பூஜ்யமாக்கியும் 504 ஏன் வருகிறது? பிஎச்பியின் 30 விநாடி லினக்ஸில் அளப்பது ஸ்கிரிப்ட் தானே செலவழித்த நேரத்தை. தரவுத்தளத்துக்காகக் காத்திருந்த நேரம் அதில் சேராது. பெரிய கோப்பு நேரம் தின்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான். மறுபுறம் எஞ்சின்எக்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 60 விநாடிக்குள் பின்னாலிருந்து ஓர் எழுத்தும் வராவிட்டால் அனுப்பியவரிடம் 504 என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். தோற்றுவிட்டது என்று நினைத்து அனுப்பியவர் அதே கோப்பை மறுபடி அனுப்புகிறார். இப்போது ஒரே சரக்கு இரண்டு முறை ஏறுகிறது, அல்லது இரண்டு ஓட்டங்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. 60-ஐ 600 ஆக்கினால் இந்தக் குழப்பத்துக்குப் பத்து மடங்கு அவகாசம் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே. ஹெச்டிடிபி இதற்கென்றே 202 என்று ஒரு பதிலை வைத்திருக்கிறது: பெற்றுக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை. கோப்பை வட்டில் வைத்து, ஓர் எண் கொடுத்து, 202 சொல்லி அனுப்பிவிட்டு, பின்னணியில் கட்டளை வரியில் ஓடும் பிஎச்பியிடம் வேலையை ஒப்படைக்கலாம். அங்கே நேர வரம்பு இயல்பாகவே பூஜ்யம். எல்லையை நீக்க வேண்டிய இடத்தில் அது ஏற்கெனவே நீங்கியிருக்கிறது.

5. யாருக்காக உயர்த்துகிறீர்கள்? மாதம் ஒருமுறை கோப்பு அனுப்பும் ஒரு கூட்டாளிக்காக. யாருக்கெல்லாம் உயர்கிறது? அதே அமைப்பின் கீழ் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும், கடவுச்சொல் கேட்கும் பக்கம் உட்பட. பிஎச்பி எஃப்பிஎம் உடன் வரும் மாதிரி அமைப்பில் ஒரே நேரத்தில் ஐந்து செயல்முறைகள் ஓடலாம். ஒவ்வொன்றும் 1.2 ஜிபி மரம் வளர்த்தால் 6 ஜிபி. அளவைக் கட்டுப்படுத்தினாலும் எக்ஸ்எம்எல்லில் ஆபத்து தீராது: என்டிட்டி என்ற உருப்படிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும், பில்லியன் லாஃப்ஸ் எனப்படும் தாக்குதலில் 1 கேபிக்கும் குறைவான கோப்பு விரிந்து ஏறக்குறைய 3 ஜிபி ஆகும். லிப்எக்ஸ்எம்எல்2 இதற்குத் தடைகள் வைத்திருக்கிறது. ஓர் உரைக்கணு 1 கோடி பைட்டைத் தாண்டக்கூடாது என்பது போன்ற வரம்புகளும் உண்டு. எல்லையை உயர்த்தும் மனநிலை இங்கும் வந்து பார்ஸ்ஹியூஜ் என்ற கொடியை ஏற்றுகிறது. அது உரையின் அளவை மட்டும் தளர்த்துவதில்லை. ஆழத்தின் வரம்பையும் உருப்படி விரிவின் வரம்பையும் சேர்த்தே தளர்த்துகிறது. கூடவே நோஎன்ட் என்ற இன்னொரு கொடி. உருப்படிகள் வேண்டாம் என்று சொல்வதுபோல் ஒலிக்கும் அந்தப் பெயருக்குப் பொருள் நேர் எதிர்: உருப்படிகளை விரித்துத் தா. வெளி உருப்படி வழியாகச் சர்வரின் கோப்புகளைப் படிக்கும் தாக்குதலை ஓவாஸ்ப் அமைப்பு வலைப் பயன்பாடுகளுக்கான ஆபத்துகளின் 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் நான்காம் இடத்தில் வைத்தது சும்மா அல்ல. ஒரு கூட்டாளியின் வசதிக்காகக் கழற்றிய தாழ்ப்பாள் ஊருக்கே திறந்திருக்கும்.

மாற்று வழி என்ன? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையானது 1998 பிப்ரவரியில். கோப்பை மரமாக்காமல், குறி திறந்தது, உரை வந்தது, குறி மூடியது என்று நிகழ்வுகளாகச் சொல்லிக்கொண்டே போகும் சாக்ஸ் முறை அதே ஆண்டு மே மாதம் வந்துவிட்டது. மரத்துக்கான டாம் பரிந்துரை அக்டோபரில்தான் வந்தது. பிஎச்பியில் 5.1 பதிப்பிலிருந்தே எக்ஸ்எம்எல்ரீடர் இயல்பாக உடன்வருகிறது. கோப்பின் மீது ஒரு சுட்டியை வைத்து, அடுத்தது, அடுத்தது என்று நகர்த்துகிறோம். கடந்து போனது நினைவகத்தில் தங்குவதில்லை. விக்கிப்பீடியா தன் கட்டுரைகளை எக்ஸ்எம்எல்லாகவே வெளியிடுகிறது. ஆங்கிலப் பதிப்பின் கோப்பை விரித்தால் 80 ஜிபிக்கு மேல். சாதாரண மடிக்கணினியில் அதை அலசுகிறார்கள் என்றால், 80 ஜிபிக்கு நினைவகம் வாங்கியதால் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கட்டுரையை மட்டும் கையில் எடுப்பதால். நினைவகம் கோப்பின் அளவைப் பொறுத்தது அல்ல, ஒரு பதிவின் அளவைப் பொறுத்தது என்று நிரலை அமைத்துவிட்டால், மேலே சொன்ன ஐந்து மறுப்புகளில் நான்குக்கு வேலையே இல்லாமல் போகிறது.

“இந்த முறையில் நிரல் எழுதுவது நரகம்” என்பார்கள். சாக்ஸுக்கு அது ஓரளவு பொருந்தும். எந்தக் குறிக்குள் இருக்கிறோம் என்பதை நிரலாளரே நினைவில் வைக்க வேண்டும். எக்ஸ்எம்எல்ரீடருக்குப் பொருந்தாது. பொருள் என்ற குறி வரும்வரை சுட்டியை நகர்த்தி, அந்த ஒரு பொருளை மட்டும் விரித்துச் சிம்பிள்எக்ஸ்எம்எல்லிடம் கொடுக்கலாம். அதற்குள் வழக்கமான நான்கு வரி நிரல் அப்படியே ஓடும். முடிந்ததும் அடுத்த பொருளுக்குத் தாவலாம். கூடுதலாக எழுத வேண்டியது ஒரு சுற்று. எளிமைக்காக மரத்தைக் கேட்பவருக்கு மரம் கிடைக்கிறது. காட்டைக் கேட்காமல் ஒரு மரத்தைக் கேட்டால் போதும்.

“பாதி ஏற்றிய பிறகு கோப்பின் கடைசி வரியில் பிழை வந்தால்?” இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. முழு மரம் கட்டுபவர் கோப்பு ஒழுங்கானது என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குகிறார். ஓடையில் படிப்பவருக்கு அது கடைசியில்தான் தெரியும். விடை கோப்பு வட்டில் இருப்பதிலேயே இருக்கிறது. வட்டில் இருப்பதை இரண்டு முறை படிக்கலாம்: முதல் ஓட்டம் சோதிக்க, இரண்டாவது ஏற்ற. எக்ஸ்எஸ்டி இலக்கணத்தோடு ஒப்பிட்டுச் சோதிப்பதையும் எக்ஸ்எம்எல்ரீடர் ஓடையிலேயே செய்யும். அதுவும் போதாதென்றால், பதிவுகளை முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் இறக்கி, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ஒரே பரிமாற்றத்தில் உண்மையான அட்டவணைக்கு மாற்றலாம். முன்னுள்ள பதிவு பின்னுள்ள பதிவைச் சுட்டும் கோப்புகளுக்கும் இதே அட்டவணைதான் மருந்து. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று தேடித் தருவது தரவுத்தளத்தின் பிறவித் தொழில். பிடிஎஃப் கோப்பை அடிப்படை 64 எழுத்தாக்கி ஒரே குறிக்குள் 30 எம்பி திணித்து அனுப்புவோரின் விஷயத்தில் மட்டும் இந்த வழி தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு பதிவே பெரிது, எக்ஸ்எம்எல்ரீடரும் அதை முழுதாகத்தான் தரும். அங்கே திருத்த வேண்டியது உடன்பாட்டை: இணைப்புகளைத் தனிக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக்குவதால் கூடும் மூன்றில் ஒரு பங்கு எடையும் மிச்சமாகும்.

“பழைய எக்ஸ்எம்எல்லைக் கட்டி அழுவானேன், ஜேசனுக்கு மாறிவிடலாமே” என்பது இன்னொரு குரல். இந்திய வருமான வரித்துறைகூட 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கணக்குத் தாக்கலுக்கான கோப்பை எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசனுக்கு மாற்றிக்கொண்டது. வடிவம் மாறுவதற்குப் பல நல்ல காரணங்கள் இருக்கலாம். பெரிய கோப்பைத் தாங்குவது அவற்றில் ஒன்றல்ல. ஜேசனைப் பிரிக்கும் பிஎச்பியின் உள்ளமைந்த செயற்கூறு முழுச் சரத்தையும் கேட்கிறது, முழு அணியையும் கட்டித் தருகிறது. ஓடையில் படிக்கும் கருவி எக்ஸ்எம்எல்லுக்கு பிஎச்பியோடு கூடவே வருகிறது. ஜேசனுக்கு வெளியிலிருந்து தேடி நிறுவ வேண்டும். பெரிய ஜேசன் தரவைக் கையாள்பவர்கள் வரிக்கு ஒரு பதிவு என்று பிரித்து அனுப்புவது இதனால்தான். வடிவத்தை மாற்றியவர்களும் கடைசியில் ஒவ்வொரு பதிவாகப் படிக்கும் இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். வண்டியை மாற்றினாலும் ஆற்றைக் கடக்கும் துறை ஒன்றுதான்.

சிறு கோப்புகளுக்கு மரமே போதும். 200 கேபி உள்ளமைவுக் கோப்பைப் படிக்க எக்ஸ்எம்எல்ரீடரை எடுப்பது வீண் பகட்டு. என் மறுப்பு மரத்தின் மீதல்ல, கோப்பு வளர வளர மரத்தோடு எல்லையையும் வளர்த்துக்கொண்டே போகலாம் என்ற நம்பிக்கையின் மீது. பெரிய கோப்புகள் வரும் இடத்தில் அந்த ஐந்து வரிகளையும் இரண்டாகப் பிரியுங்கள். ஏற்கும் அளவைக் கூட்டாளியோடு பேசி முடிவுசெய்து, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் உயர்த்துங்கள். தாண்டி வந்ததை 413 என்று காரணத்தோடு திருப்பி அனுப்புங்கள். மெமரி லிமிட்டை 128-லேயே விட்டுவிடுங்கள். பிறகு 20 எம்பி கோப்பை ஒருமுறையும் 200 எம்பி கோப்பை ஒருமுறையும் ஓட்டி, இயங்குதளம் காட்டும் உச்ச நினைவகத்தை ஒப்பிடுங்கள். பிஎச்பி சொல்லும் கணக்கை நம்பாதீர்கள், அதற்கு மரம் தெரியாது. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நிரல் சரி. பத்து மடங்கு வேறுபட்டால், எத்தனை ஜிபி ஒதுக்கினாலும் அடுத்த பெரிய கோப்புக்காக அது காத்திருக்கிறது.